வற்றலின் ருசி

"திராட்சையக் காயப்போட்டா சாராயம் காய்ச்சுறாக?" என்று அம்மா கேட்டார்.

வாலிநோக்கத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. சனவரி மாதம். இத்தாலியில் கவிதை வாசித்துவிட்டுத் திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. அங்கே என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுவாக்கில் ஒயினையும் சொல்லிவிட்டேன்.

"காய்ச்சுறதில்லம்மா, புளிக்க வைக்கிறாக."

"நீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

கருவாட்டைப் புரட்டும் கை நிற்கவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்பா குடித்தே செத்தவர். அந்த வாடையோடு அவர் வரும் இரவுகளில் அம்மா எங்களைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுக்கவைப்பார். நாற்பது வயதுவரை குடி என்றால் எனக்கு அந்தத் திண்ணைதான். மதுக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் மறியல் செய்த இடங்களில் நானும் நின்றிருக்கிறேன். இனியும் நிற்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு கோப்பை ஒயினை ரசித்தேன் என்பதை அம்மாவுக்கும் எனக்கும் எப்படி விளக்குவது?

என்னைத் தங்கவைத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வெரோனா நகருக்கு வடக்கே வால்போலிசெல்லா என்னும் மலைச்சரிவுப் பகுதிக்கு அழைத்துப்போய், ஒரு பண்ணை வீட்டின் மாடியைக் காட்டினார். மூங்கில் தட்டிகளில் கொத்துக் கொத்தாகக் கருந்திராட்சை. கொர்வீனா, ரொந்தினெல்லா என்று வகைகளின் பெயர் சொன்னார். செப்டம்பர், அக்டோபரில் பறித்ததை வெயில் படாமல் காற்றில் மட்டும் 100 நாளுக்கு மேல் உலர்த்துகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போவது தண்ணீர், சர்க்கரையும் புளிப்பும் துவர்ப்பும் தங்கிச் செறிகின்றன. பிறகுதான் நசுக்கிக் குளிர்காலத்தில் மெதுவாகப் புளிக்கவைக்கிறார்கள். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நிறுத்தினால் இனிப்பான ரெச்சியோத்தோ. சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் சாராயச் சத்தாக மாறினால் அமரோனே. 'அமாரோ' என்றால் கசப்பு. 1936இல் மறதியாக விட்டுவைத்த ஒரு பீப்பாயில் இனிப்பு தீர்ந்துபோய் இது பிறந்தது என்று அங்கே கதை சொல்கிறார்கள்.

முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. காந்தியது. 15, 16 சதவீதம் சாராயச் சத்து உள்ள ஒயின் அது. "பொறு" என்றார் அவர். அகன்ற கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, சுழற்றி, காற்றுப்பட வைத்தார். அரைமணி நேரம் கழித்து முகர்ந்தபோது அவர் செர்ரி என்றார், அத்தி என்றார். எனக்குத் தெரிந்த பெயர்கள் வேறு: பழம்புளி, கருப்பட்டி, பேரீச்சை. விழுங்கியபின் அடிநாக்கில் சுண்டைவற்றலின் கசப்பு. இறைச்சியோடும் முற்றிய பாலாடைக்கட்டியோடும் அந்த ஒரு கோப்பை மாலை முழுவதும் இருந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. யாரும் எங்கும் ஓடி ஒளியவில்லை.

ஊர் திரும்பியபின் நூலகத்தில் தேடினேன். ரோமானியப் பெண்கள் ஒயின் குடிக்கத் தடை இருந்தது என்கிறார் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். உறவுக்காரர்களை ஒவ்வொரு நாளும் முதலில் பார்க்கும்போது அவள் முத்தமிட வேண்டும். குடித்திருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். குடித்த மனைவியை அடித்துக் கொன்றவன் விடுவிக்கப்பட்ட கதையைப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆனால் பெண்களுக்கு அனுமதித்த பானம் ஒன்று இருந்ததாகவும் பொலிபியஸ் சொல்கிறார். அதன் பெயர் பாஸும். உலர்ந்த திராட்சையில் செய்தது. நான் ருசித்ததற்குத் தூரத்துப் பாட்டி.

எங்கள் மாவட்டத்து அழகன்குளத்தில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பெண்கள் பொற்கலத்தில் ஊற்றிக் கொடுக்கப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாடுகிறார். கடல் தாண்டி வந்தும் அது பெண்ணின் கையில் நிற்கிறது, வாய்க்குப் போகவில்லை. அதே நூலில் அதியமானோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை அவன் இறந்த துயரத்தின் நடுவே ஔவை கூச்சமில்லாமல் நினைவுகூர்கிறார். வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஔவை கோலூன்றிய கிழவி. கிழவியாக்கினால்தான் அவர் ருசியை மறக்க முடியும்போலும். நானும் பல ஆண்டுகள் அந்த வரியை வேகமாகக் கடந்திருக்கிறேன்.

குடி பெண்களுக்குச் செய்த கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீட்டில் சோறில்லாதபோது கடைக்குப் போன காசும், அம்மாவின் நெற்றித் தழும்பும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் ஒரு சுவையை நிதானமாக அறிவதும், பிடித்திருக்கிறது என்று சொல்வதும் பெண்ணுக்கு ஆகாது என்ற கட்டளை அந்தக் கொடுமைக்கு மருந்தல்ல. மீனையும் மிளகாயையும் சுண்டையையும் உலர்த்தி ருசியாக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பெண்கள். ருசி பார்க்கும் முறை வரும்போது கடைசியாகச் சாப்பிட உட்காருவதும் அவர்கள்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்று வெயில் சாயும்வரை பேசாமலே இருந்தார். பிறகு கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டே கேட்டார்.

"பழம் ஒண்ணுமேல ஒண்ணு கிடந்தா அழுகிப்போகுமே?"

"தனித்தனியாப் பரப்பி வைக்கிறாக. அழுகுனதப் பொறுக்கி எறிஞ்சிருவாக."

"பனி விழுமே?"

"சன்னலத் தெறந்து தெறந்து மூடுவாக."

தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த வேலைதான்.

"ருசி எப்படி?"

"கடைசில சுண்டவத்தல் மாதிரி கசக்கும்."

"அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார். "ஆனா, இந்த வீட்டுக்குள்ள கொண்டாந்துறாத, தாயி."

சரி என்றேன்.