அடுத்தவன் வெட்டிய ஏரி

தம்பி, "சம்பளமே இல்லாம எதுக்கு தாத்தா இந்த வேலை?" என்று கேட்டாய். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

டெபியன் லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓர் இயங்குதளம். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் தொடங்கியது. அதற்கு முதலாளி கிடையாது. மென்பொருளை எழுதுகிறவர் உலகில் எங்கோ இருப்பார். அவர் எழுதியதை எடுத்து, உரிமம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து, அது ஓட வேறு எவையெல்லாம் வேண்டும் என்று குறித்து, பிழை வந்தால் ஒட்டுப்போட்டு, ஒரே கட்டளையில் நிறுவும்படி கட்டிக் கொடுப்பதுதான் பேக்கேஜ் பராமரிப்பு. 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் 64,000க்கு மேல் பேக்கேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒருவரோ ஒரு குழுவோ உண்டு.

இது எங்கோ நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்காதே. சென்னையில் சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனின் மேல் எழுந்ததுதான். அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது. படம் ஏற்ற இடம் வேண்டும் என்று முதல் வேலையாக அதை அழித்தவர்களும் உண்டு, அது வேறு கதை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன்காரர்கள் கூடினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அவர்களுடைய உலக மாநாடே கொச்சியில் நடந்தது.

இந்த வேலையை நினைத்தால் எனக்கு நம் ஏரிதான் ஞாபகம் வரும். வேடந்தாங்கல் ஏரியை வெட்டியது யார் என்று ஊரில் கேட்டுப் பார். ஒருவருக்கும் தெரியாது. காத்தவர்கள் கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் பிளேஸிடம் முறையிட்டு 1798இல் கவுல், அதாவது பறவைகளைக் காக்க உறுதிப் பத்திரம், வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. 1858இல் அந்தக் கவுலைப் புதுப்பித்திருக்கிறார்கள். அறுபது வருஷத்தில் முதலில் போனவர்களில் யார் மிஞ்சியிருப்பார்கள்? வாங்கியவன் ஒருவன், புதுப்பித்தவன் இன்னொருவன். நடுவில் யாரோ யாரிடமோ விஷயத்தை ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த ஒப்படைப்பைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

சம்பளம் இல்லை என்பது இந்த வேலையின் பெரிய கஷ்டம் இல்லை. இறக்கி வைக்கத் தெரியாததுதான் கஷ்டம்.

எக்ஸ்-இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். லினக்ஸ் ஓடும் இடமெல்லாம் இருக்கும். அதைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவர் லாசி காலின், அநேகமாகத் தனி ஆள். 2022 வாக்கில் உடலும் மனசும் ஒத்துழைக்காமல் வேலை மெதுவானபோது, முன்பின் தெரியாதவர்கள் ஏன் தாமதம் என்று நச்சரித்தார்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் மட்டும் பொறுமையாக உதவினார். மெல்ல மெல்லப் பொறுப்பு அவர் கைக்குப் போனது. 2024இல் அவர் வெளியிட்ட பதிப்புகளுக்குள் திருட்டு வாசல் ஒன்று இருந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று நோண்டி, மார்ச் 29 அன்று அதை வெளியில் சொன்னார். டெபியனில் புதுச் சரக்கு நேராக மக்களிடம் போகாது. முதலில் 'சிட்' என்ற கிளை, பிறகு சோதனைக் கிளை, அப்புறம்தான் நிலையான பதிப்பு. திருட்டு வாசல் முதல் இரண்டு படிகளோடு நின்றது. டெபியன் ஆமை வேகம் என்று கேலி செய்கிறவர்கள் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

காலினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. களைத்தவன் பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நல்லவனாகத்தான் தெரிவான். அவரைத் தனியே விட்ட நாம்தான் கூச்சப்பட வேண்டும்.

டெபியனில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. முடியவில்லை என்றால் அதைப் பொதுவில் அறிவிக்கலாம். 'உதவிக்கு ஆள் வேண்டும்' என்று ஒரு நிலை. 'எடுத்துக்கொள்ள ஆள் வரட்டும், அதுவரை நான் பார்க்கிறேன்' என்று இன்னொன்று. 'கைவிட்டேன்' என்று மூன்றாவது. அப்போது அது தரக் குழுவின் பெயருக்கு மாறும். ராஜினாமா செய்தவனைப் போல யாரும் பார்க்க மாட்டார்கள். நம் வீடுகளில் இப்படி ஒரு பட்டியல் இருந்திருந்தால் எத்தனை அம்மாக்கள் பிழைத்திருப்பார்கள்!

பக்கத்து உத்திரமேரூரில் இதை வேறு வழியில் செய்தார்கள் என்று பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுப்பார்கள். பொறுப்பு ஒரு வருஷம்தான். முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவனுக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வரவே முடியாது. மதகும் கலங்கலும் ஒரே ஆளின் சொத்தாகிவிடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒப்படைத்தால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்கிறவன் படித்தாக வேண்டும். 2006இல் டெபியனில் ஓப்பன்-எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் பேக்கேஜில் ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்று சில வரிகளை நீக்கினார்கள். நீக்கலாமா என்று கேட்கவும் செய்தார்கள். ஆனால் ரகசியச் சாவிகளுக்குத் தற்செயல் தன்மை கொடுத்ததே அந்த வரிகளில் ஒன்றுதான். கணக்கில்லாமல் இருக்க வேண்டிய சாவிகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,000 ஆகச் சுருங்கின. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்ததும் டெபியன் மறைக்காமல் அறிவித்தது. குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997இலேயே எழுதி வைத்தவர்கள். உலகம் முழுக்கச் சாவி மாற்ற வேண்டியிருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். இதற்கும் சம்பளம் வாங்குகிறவர்கள் உண்டு, நான் வாங்கவில்லை. ஏரித் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டேன், கரைக்கு ஒரு கூடை மண் போடுகிறேன், அவ்வளவுதான் என் கணக்கு. உன் கணக்கு வேறாக இருக்கலாம். முதலில் வேலை தேடிக்கொள், தப்பில்லை.

ஆசை இருந்தால் உன் மடிக்கணினியில் ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்ற பேக்கேஜை நிறுவு. நீ பயன்படுத்துகிறவற்றில் எதெதற்கு ஆள் இல்லை என்று அதுவே காட்டும். பெரிய பெயருக்கு ஆசைப்படாமல் சின்னதாக ஒன்றை எடு. கை வைப்பதற்கு முன் அதன் சேஞ்ச்லாக்கை அடியிலிருந்து மேலே படி. யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கும். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. சார்ஜரை மறக்காதே, என்னுடையது உன் மெஷினுக்குச் சேராது.