கழற்றிப் பார்த்த அடுப்பு

2022 இல் காஸ் சிலிண்டருக்காக இரவிரவாக வரிசையில் நின்றதை நாங்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில்தான் சின்ன மின்விசிறி பூட்டிய விறகு அடுப்புகளைப் பலர் தேடி வாங்கினார்கள். சம்பூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரும் கடன்பட்டு ஒன்று வாங்கினார்.

அவர் 2006 இல் இடம்பெயர்ந்து, பிறகு பல வருடம் கிளிவெட்டி முகாமில் இருந்து, 2016 இல் ஊர் திரும்பியவர். கணவர் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் மகளைப் படிப்பிக்கிறார்.

அண்மையில் நான் போனபோது குசினி முழுக்கப் புகை. அக்கா இருமி இருமி ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். "அடுப்பு பழசாப் போச்சு பிள்ளை. காத்து வருகுதில்லை. இடியப்பம் பிந்துதெண்டு ரெண்டு கடைக்காரர் நிப்பாட்டிப்போட்டினம். இன்னொரு கடன் எடுக்கத்தான் வேணும்" என்றார்.

நானும் யோசிக்காமல் 'புதிய அடுப்பு தேவை' என்று குறித்துக்கொண்டேன். பிறகுதான் என் அம்மாவின் நினைவு வந்தது. மண் அடுப்பில் சாம்பல் அள்ளாமல் அவர் ஒருநாளும் தீ மூட்டியதில்லை.

"இதைக் கழற்றித் துப்புரவாக்கினீங்களா அக்கா?"

"ஆம்பிளை இல்லாத வீடு. கரண்டுச் சாமானை ஆர் கழட்டுறது எண்டு விட்டிட்டன்."

அடுப்பு நன்றாக ஆறியிருந்த பின்னேரத்தில், மின்சாரத் தொடர்பை எடுத்துவிட்டு, தையல் மெஷினோடு வந்த திருப்புளியால் கழற்றினோம். விசிறி காற்றை அடுப்பின் இரண்டு சுவர்களுக்கும் நடுவே தள்ளும். உட்சுவரில் இருக்கும் துளைகளால் அது நெருப்புக்குப் போகும். அந்தத் துளைகளில் பாதி சாம்பலால் அடைபட்டிருந்தன. விசிறி இதழ்களில் தூசியும் கரியும். துளைகளைக் குடைக்கம்பியால் குத்தினோம். விசிறியைக் காய்ந்த தூரிகையால் துடைத்தோம், தண்ணீர் படவிடவில்லை. மணல் இழுபடாதபடி அடுப்பை இரண்டு கல்லில் உயர்த்தி வைத்தோம்.

காற்று கூடியது. ஆனால் போதவில்லை. அப்போது ஓ.எல். படிக்கும் மகள் விசிறியில் ஒட்டியிருந்ததை வாசித்தாள்: 12 வோல்ட். முதல் அடாப்டர் பழுதானபின் அவர்கள் மாட்டியிருந்ததோ கைத்தொலைபேசிச் சார்ஜர், 5 வோல்ட். விசிறி சுற்றியது, ஆனால் பலமில்லாமல் சுற்றியது. மூதூரில் சரியான அடாப்டர் வாங்கினார்கள். புது அடுப்பின் விலையோடு பார்த்தால் அது சிறுதொகை.

விறகையும் அக்கா இப்போது அடுப்பு நிறையத் திணிப்பதில்லை. நன்றாகக் காய்ந்ததைச் சிறிதாகப் பிளந்து, இடைவெளி விட்டு வைக்கிறார். குசினி யன்னலும் திறந்திருக்கிறது. நிறுத்திய கடைகளில் ஒன்று திரும்பவும் இடியப்பம் எடுக்கிறது.

நான் சமூகவியல் படித்தவள். பெண் தலைமைக் குடும்பங்களின் தேவைகளைப் பட்டியலிடப் பழகியவள். ஆனால் அன்று அந்த வீட்டில் குறைவாக இருந்தது அடுப்பு அல்ல. 'இதைத் திறக்கலாம்' என்ற துணிவுதான். முகாமில் கூடாரம் கட்டியவர், காடாகிக் கிடந்த வளவைத் தனியே வெட்டித் துப்புரவாக்கியவர், நாலு திருகாணிக்குப் பயந்திருக்கிறார்.

சகோதரிகளே, அடுத்த கடன் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன், வீட்டில் இருப்பதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் மகளையும் இருத்திக்கொள்ளுங்கள்.