கை நிறையச் சீட்டு இருந்தும்

சீட்டாட்டம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். சம்பள நாளில் லயத்துக்குப் பின்னால் காசு வைத்து ஆடும் ஆட்டத்தை நான் சொல்லவில்லை. நான் சொல்வது 'பிரிட்ஜ்'. அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் கணக்கு வகுத்துக் கொடுத்த மூளை ஆட்டம்.

பால்மரம் வெட்டியவரின் மகனான நான், 1971-இல் ஒரு தோட்டத்தில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தேன். ஞாயிறு மாலைகளில் பெரிய கிராணி ஐயா எங்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் மொத்தம் 40. கூட்டாளியின் சீட்டைப் பார்க்க முடியாது. ஏலம் கேட்கும் வார்த்தைகளால்தான் ஒருவர் கை மற்றவருக்குத் தெரிய வேண்டும்.

ஒருநாள் எனக்கு 24 வந்தது! ஸ்பேடில் ஏஸ் முதல் பத்து வரை வரிசையாக இருந்தது. துள்ளிய மனத்தை அடக்கிக்கொண்டு, "ஒரு ஸ்பேட்" என்றேன். எதிரே இருந்த ஐயாவிடம் 3 புள்ளிதான். "பாஸ்" என்றார். மற்றவர்களும் "பாஸ்". நான் பத்துப் பிடி எடுத்தேன். என்ன பயன்? ஒரு கட்டம் ஜெயிக்க 100 வேண்டும். ஸ்பேடுக்குக் கேட்ட பிடி ஒன்றுக்கு 30. நான்கு கேட்டிருந்தால் 120. நான் கேட்டதோ ஒன்று. கணக்கில் சேர்ந்ததும் 30தான்.

ஐயா கோபிக்கவில்லை. "தம்பி, பெரிய கை வந்தால் 'இரண்டு கிளாவர்' என்று சொல்லணும். அதுக்கும் கிளாவருக்கும் சம்பந்தமில்லை. 'எங்கிட்ட 22க்கு மேலே இருக்கு, பேச்சை நிறுத்திடாதே' என்று அர்த்தம். அப்போ கூட்டாளி பாஸ் சொல்லவே கூடாது. கையில் ஒண்ணுமில்லேன்னாலும் 'இரண்டு டைமன்' என்கணும். அதுவும் டைமன் இல்லை. 'நான் ஏழை, நீ மேலே சொல்லு' என்று அர்த்தம். அதுக்குப் பிறகு நீ உன் ஸ்பேடைச் சொல்லலாம்" என்றார்.

ஆண்டுகள் ஓடின. என் மூத்த மகள் ஐந்தாம் படிவத் தேர்வு முடிவோடு வந்து நின்றாள். நல்ல மதிப்பெண்கள். "அப்பா, நான் மேலே படிக்கணும்" என்றாள். வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள்; தபால் நிலையச் சேமிப்புப் புத்தகத்திலோ நூறு வெள்ளிகூட இல்லை. பதில் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன்.

வாசற்படியில் அந்த "பாஸ்" காதில் ஒலித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். "அம்மா, அப்பா கையில் காசில்லை. ஆனாலும் உன் மனசில் இருப்பதை முழுக்கச் சொல்லு" என்றேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் படிக்கும்போதே உதவித்தொகை கிடைக்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள் அவள்! பாரங்களில் கையெழுத்துப் போட ஒரு தகப்பன்தான் தேவைப்பட்டான்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள்.

வாசகர்களே, நம்மில் பலருக்கு வாழ்க்கை கொடுத்தது மூன்று புள்ளிச் சீட்டுதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் 24 இருக்கலாம். அது வாய் திறக்கும்போது, நம்மிடம் இல்லையே என்று "பாஸ்" மட்டும் சொல்லிவிடாதீர்கள்.