பவனா ஏரிக்கரையில் ஒரு கோடை நாள்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் புனேயிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: ஊருக்குப் போகிறோமா, இல்லையா? டிக்கெட் கிடைத்தவர்கள் மூட்டை கட்டுகிறார்கள். கிடைக்காதவர்கள் இரண்டு மாதமும் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, ஊரில் இருப்பவர்கள் அனுப்பும் மாம்பழப் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ரயில்வேயில் வேலை பார்ப்பவன் வீட்டிலும் இந்தக் கதி உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை, உண்மை அதுதான். சென்ற ஆண்டு எங்கள் குடியிருப்பில் அவ்வாறு தங்கிவிட்ட நான்கு குடும்பத்தார் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாவள் பகுதிக்குச் சென்று வருவது என்று முடிவு செய்தோம். நம் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் மலையும், ஏரியும், கோட்டையும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள குகைகளும் இருக்க, பத்துப் பன்னிரண்டு வருஷமாக இங்கே வாழ்ந்தும் அவற்றைப் பாராதவர்கள் நம்மில் அநேகர்.

மாவள் என்றவுடன் எல்லோரும் மழைக்காலத்தையே நினைக்கிறார்கள். ஜூலை மாதத்தில் லோனாவளாவில் மனிதர்களைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியாது. கோடையில் புல் காய்ந்து மலைகள் பழுப்பேறிக் கிடக்கும் என்பது மெய்தான். ஆயினும் விடியற்காலையில் புறப்பட்டுப் பத்து மணிக்குள் ஏற வேண்டியதை ஏறி முடிப்பவனுக்குக் கோடையைப் போன்ற நற்பருவம் இல்லை. பாறை வழுக்காது, பனிமூட்டம் இராது, எட்டுத் திக்கும் தெளிவாகத் தெரியும். அன்றியும், ஏரியின் அடியில் இருப்பது வெளியே வருவதும் அப்போதுதான். அதைப் பிறகு சொல்லுகிறேன்.

ஆடவர் மூவரும் பையன்கள் நால்வரும் சைக்கிளில் புறப்பட்டோம். பெண்டிரும் சிறு குழந்தைகளும் லோனாவளா லோகலில் ஏறிக் காம்ஷெட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகை ஜீப்பில் வருவதாக ஏற்பாடு. நிக்டியிலிருந்து காலை நாலரை மணிக்குக் கிளம்பினால் பழைய பம்பாய்ச் சாலையில் லாரிகளின் தொல்லை குறைவு. தேஹு ரோடு, தளேகாவ், வட்காவ் என்று வரிசையாக ஊர்கள் வருகின்றன. வட்காவில் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தினோம். 1779-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மராத்தியர் மடக்கி, உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிய இடம் இதுவே. பையன்களுக்கு அதில் சிரத்தை உண்டாகவில்லை. அவர்கள் கவனம் எல்லாம் என் கியர் இல்லாத பழைய சைக்கிளின் மேல் இருந்தது. ‘மாமா இதை மலைமேல் தூக்கிக்கொண்டுதான் வரப் போகிறார்’ என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள்.

காம்ஷெட்டில் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பியவுடன் காற்றின் குணமே மாறிவிடுகிறது. இருபுறமும் நெல்வயல்கள். இங்கே விளையும் இந்திராயணி அரிசியை நம் வீடுகளில் பலர் வாங்குகிறோம். அது விளையும் மண் இதுதான். மே மாதத்தில் வயலில் பயிர் இல்லை. ஆனால் அங்கங்கே கரிய சதுரங்கள் தென்படும். இலையும் சுள்ளியும் சாணமும் பரப்பி எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் நாற்றுவிடுவது இப்பகுதி வழக்கம். ‘ராப்’ என்று அதற்குப் பெயர். நாற்றங்காலுக்கு எருவிடுவதையே அறிந்த நம் தஞ்சாவூர் அன்பர் ஒருவர், வண்டியை விட்டு இறங்கி அந்தச் சாம்பலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அவரைக் கிளப்புவது பெரும்பாடாயிற்று.

வழியில் பேட்சே குகைகள் இருக்கின்றன. கார்லாவுக்குச் செல்பவர்களில் நூற்றில் ஒருவர்கூட இங்கு வருவது அபூர்வம். வராததே நல்லது என்றுகூடத் தோன்றும்! அடிவாரத்தில் சைக்கிளை விட்டுவிட்டுச் சில நூறு படிகள் ஏற வேண்டும். குகை கிழக்கு முகமாக அமைந்திருப்பதால் காலை வெயில் நேராக உள்ளே விழுகிறது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தப் பிக்குகளுக்காகக் குடைந்த இடம். வாயிலில் நெடிது நிற்கும் தூண்களின் உச்சியில் ஆணும் பெண்ணுமாக யானைமேலும் குதிரைமேலும் அமர்ந்திருக்கிறார்கள். தூண், கூரை, உள்ளே இருக்கும் ஸ்தூபம் எல்லாம் ஒரே பாறை. கொண்டுவந்து வைத்தது ஒன்றுமில்லை. பக்கத்தில் பிக்குகள் தங்கிய விகாரையின் கூரையும் வளைந்து, பின்சுவரும் வட்டமாகச் செல்கிறது. பொதுவாக விகாரைகள் சதுரமாகவே இருக்கும், இவ்வமைப்பு அரிது. குகைகளின் முகப்பில் பெரிய தேனடைகள் தொங்குவதுண்டு. ஆகையால் கூச்சலும் புகையும் கூடவே கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது அவசியம்.

அங்கிருந்து ஏற்றமும் இறக்கமுமான சாலை. ஏற்றங்களில் கியர் வைத்த சைக்கிள்காரர்களும் இறங்கித் தள்ளினார்கள் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன். ஒரு திருப்பத்தில் மலைகள் விலகின. கீழே நீலமாகப் பவனா ஏரி தெரிந்தது. ஒருபுறம் முக்கோணம் போல் திகோனா மலை, எதிரே கூரிய முனையுடன் துங்க மலை, வடக்கே லோகக்கோட்டின் நீண்ட முதுகு. மூன்றும் கோட்டைகள். 1665-இல் புரந்தர் உடன்படிக்கைப்படி சிவாஜி மகாராஜா மொகலாயருக்கு விட்டுக்கொடுத்த இருபத்துமூன்று கோட்டைகளுள் இம்மூன்றும் அடங்கும்.

மழைக்காலத்தில் கரை தளும்ப நிற்கும் ஏரி, மே மாதத்தில் வெகுவாக உள்வாங்கிவிடுகிறது. வெடித்த வண்டல் மண்ணில் நடந்து சென்றால் வாகேசுவரர் கோயிலை அடையலாம். ஆண்டின் பெரும்பகுதி நீருக்குள் மூழ்கிக் கிடந்து, கோடையில் மட்டும் வெளிவரும் சிவன் கோயில் அது. கருங்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் ஹேமாட்பந்திப் பாணி. மேற்பகுதி சிதைந்துவிட்டது, சுவர்களும் தூண்களும் நிற்கின்றன. கல்லின் இடுக்குகளில் ஏரி விட்டுச் சென்ற சேறும் சிறு கிளிஞ்சல்களும் ஒட்டியிருந்தன. யாரோ காலையில் வந்து வில்வம் சாத்திச் சென்றிருக்கிறார்கள். சேலத்திலிருந்து வந்த எங்கள் நண்பரின் மனைவியார், ‘மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடி நந்தி தெரியும், அதுபோலவே இருக்கிறதே’ என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கெல்லாம் அணை எழும்புகிறதோ அங்கெல்லாம் ஒரு கோயில் நீருக்குள் போயிருக்கிறது போலும்.

எருமைகளை நீரில் விட்டுவிட்டு ஒரு பெரியவர் அங்கு அமர்ந்திருந்தார். வயது அறுபதைக் கடந்திருக்கும். தலையில் வெள்ளைக் குல்லாய். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மராத்தியில் விசாரித்தார். நிக்டி என்றோம்.

“அப்படியானால் எங்கள் தண்ணீரைக் குடிக்கிறவர்கள்” என்றார். அதில் கோபம் இல்லை. உறவு சொல்வதுபோல் சொன்னார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. இந்த அணை 1972-இல் முடிந்தது. இதிலிருந்து திறந்துவிடும் நீர் பவனா நதியில் ஓடி வர, ராவேத்தில் அதை இறைத்துச் சுத்தம் செய்து பிம்ப்ரி-சிஞ்ச்வடின் குழாய்களில் விடுகிறார்கள். 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்ற முறை வந்தபோது நாம் எல்லோரும் எவ்வளவு பேசினோம்! அந்தத் தண்ணீரின் முகத்தை அன்றுதான் நேரில் பார்த்தோம்.

பெரியவர் கைத்தடியை நீட்டிக் காண்பித்தார். சற்றுத் தூரத்தில் கற்குவியல் ஒன்று. “அது எங்கள் களத்துமேடு. அதற்கு அப்பால் வீடு. அது இந்த வருஷம் வெளியே வரவில்லை. தண்ணீர் ஏறுகிறது என்று சொன்னபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம். தாத்தா மட்டும், ‘இவ்வளவு உயரத்துக்கா ஏறப் போகிறது?’ என்று திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா கையைப் பிடித்து இழுத்து வந்தார்.”

“ஆஜோபா, உங்கள் வீட்டில் குழாய் இருக்கிறதா?” என்று எங்கள் பையன்களில் சிறியவன் கேட்டான். இங்கே பிறந்த பிள்ளைகள். மராத்தி அவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

“கிணறு இருக்கிறது. மே மாதத்தில் வற்றிவிடும். வற்றினால் எங்கள் வீட்டுப் பெண்கள் குடத்துடன் இங்கேதான் இறங்கி வருவார்கள்” என்றார் பெரியவர். பையன் தன் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதன்பின் வெகுநேரம் அவன் பேசவில்லை.

அணைக்காக நிலம் இழந்தவர்களில் பலருக்கு மாற்று நிலம் பல பத்தாண்டுகள் கிடைக்கவில்லை. இந்த நிலையில், நதியில் விடாமல் அணையிலிருந்தே மூடிய குழாய் போட்டு நீரை நகரத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் வந்தது. ஆற்றங்கரைப் பாசனம் போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பவூர் அருகே விரைவுச்சாலையை மறித்தபோது போலீஸார் சுட்டதில், ஒரு பெண்மணி உள்பட மூவர் மாண்டனர். வேலை நின்றது. நகரத்துக்கும் நீர் வேண்டும், கசிவும் அழுக்கும் இன்றி வேண்டும் என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அந்தக் கற்குவியலின் எதிரில் நின்றுகொண்டு அந்த நியாயத்தைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நாமும் நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் நம் வீடு அங்கேயே இருக்கிறது, டிக்கெட் கிடைத்தால் போய்ப் பார்க்கலாம்.

மதிய உணவு ஏரிக்கரை மாமரத்தடியில். எலுமிச்சஞ்சாதமும் தயிர்சாதமும் பெண்கள் கொண்டு வந்திருந்தனர். பெரியவருக்கும் கொடுத்தோம். அவர் பதிலுக்கு இலைத்தொன்னையில் கரவந்தப் பழங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் போட்டதும் எல்லோரும் ஒரே குரலில், ‘அட, நம் களாப்பழம்!’ என்றோம்.

அடுத்த ஞாயிறு லோகக்கோட்டுக்கு நடந்தே போனோம். இதற்கு மளவளி நிலையத்தில் இறங்க வேண்டும். விரைவுச்சாலையைக் கடந்து பாஜே கிராமம். அங்குள்ள குகைகளைப் பார்த்துவிட்டு, லோகக்கோட்டுக்கும் விசாப்பூருக்கும் நடுவிலுள்ள கணவாய் வழியாக இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். கோட்டையின் நான்கு வாயில்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்து வளைந்து அமைந்திருக்கின்றன. மேற்கே ‘விஞ்சு காட்டா’ என்னும் தேள்கொடுக்கு போன்ற பாறை நீட்சி. அதன்மேலிருந்து பவனா ஏரி முழுவதும் காலடியில் விரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தது. லோகக்கோடு அவற்றுள் ஒன்று. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது எது தெரியுமோ? நம் செஞ்சி! சிவாஜியின் மைந்தர் ராஜாராம் மொகலாயருக்குத் தப்பி வந்து, 1698 வரை அரசு நடத்திய இடம். விழுப்புரத்துக்காரர் ஒருவர் எங்களுடன் இருந்தார். அன்று இறங்கும் வரை அவருடைய நடையே வேறாக இருந்தது.

லோனாவளாவின் வல்வண் ஏரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாட்டா கம்பெனியார் கோபோலி மின்நிலையத்துக்காக அமைத்த ஏரிகளில் அது ஒன்று. 1915 முதல் அந்நீர் மலையடிவாரத்தில் மின்சாரமாகிப் பம்பாய்க்குப் போயிற்று. பார்த்தோம், வந்தோம்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நண்பகலில் சில மணி நேரம் லோகல் இல்லாத இடைவெளி விழுவதுண்டு. அட்டவணையைப் பார்த்துத் திரும்பும் வண்டியை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நலம். சைக்கிளுக்கு மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் இன்றியமையாதவை. காம்ஷெட்டைத் தாண்டினால் பழுது பார்ப்பவர் கிடைப்பது அரிது. ஏரியில் யாரையும் இறங்க விடாதீர்கள். மேலே ஆழமற்றதாகத் தோன்றும் கரை, கீழே பழைய வயல் வரப்பும் கிணறுமாக இருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் சேற்றில் சிக்குகிறார்கள். மழை தொடங்கியபின் அருவிகளின் பக்கமே குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். 2024 ஜூன் 30-இல் பூஷி அணைக்குப் பின்புறம், ஒரே குடும்பத்தார் ஐவரை நொடிப்பொழுதில் நீர் அடித்துச் சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

வாகேசுவரரைக் காண விரும்புவோர் மே மாதம் முடிவதற்குள் சென்றுவிட வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் ஏரி ஏறத் தொடங்கும். முதலில் களத்துமேடு மறையும். பின்பு கோயிலின் படிகள். ஆடி பிறந்து நன்றாகப் பெய்துவிட்டால், அந்த இடத்தில் நீரைத் தவிர வேறொன்றும் தெரியாது.