பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு ஃபாரின் டூர்!

சிங்கப்பூர் போய்விட்டு வரும் நம்மவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம், முஸ்தபாவில் வாங்கிய சென்ட் பாட்டில், சாக்லேட். "அங்கே என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் முகம் மலரும். "செரங்கூன் ரோடுல நம்ம இட்லி அப்படியே கிடைக்குது சார்!"

நாலு மணி நேரம் பறந்து போய் இட்லி! அந்த ஊர்க்காரன் காலையில் எதைச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போகிறான் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நமக்கு அந்த யோகம் இல்லை. இருபதாம் தேதிக்கு மேல் பர்ஸைத் திறக்கவே பயப்படும் வர்க்கம். ஆகவே என் ஃபாரின் டூர் எல்லாம் சென்னையில் லோக்கல் ரயில் ஏறி, திருத்தணி வழியாகத்தான்.

"திருத்தணி எப்ப சார் ஃபாரின் ஆச்சு? நம்ம திருவள்ளூர் மாவட்டம்தானே?" என்றார் பக்கத்து சீட்டு நண்பர். திருத்தணி உள்நாடுதான். 365 படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, இறங்கி வந்து பஸ் பிடித்தால், பொன்பாடி செக்போஸ்ட்டுக்கு அப்பால் ஆந்திரா. கடை போர்டில் எழுத்து எல்லாம் ஜிலேபி ஜிலேபியாக மாறிவிட்டால் வெளிநாடு வந்துவிட்டது என்று அர்த்தம். அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

திருத்தணிக்காரர்கள் மீது எனக்கு ஒரு பொறாமை உண்டு. வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே மாநிலம் விட்டு மாநிலம் போய் வந்தவர்கள் அவர்கள்! 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. 1956-ல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், சிறை, பேச்சுவார்த்தை எல்லாம் ஆகி, படாஸ்கர் என்ற மத்தியஸ்தர் கிராமம் கிராமமாக எந்த மொழிக்காரர்கள் அதிகம் என்று பார்த்துக் கோடு போட்டு, 1959-ல் பார்லிமென்ட்டில் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. (தேதியைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் நம்பாமல் இருந்தார்களோ!) 1969-ல் அந்த மாநிலமே தமிழ்நாடு என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, 1950-ல் திண்ணையில் உட்கார்ந்த ஒரு தாத்தா, 1970-ல் எழுந்திருப்பதற்குள் கடிதத்தில் நாலு மாநிலத்தின் பெயரை எழுதிவிட்டார்.

திருப்பதியும் சேர்த்துத்தான் ம.பொ.சி. கேட்டார். கிடைத்தது திருத்தணி. மாமன் மலை அங்கே, மருமகன் மலை இங்கே என்று பாகப்பிரிவினை முடிந்தது. ஆனால் கோடு போட்டார்களே தவிர, சம்பந்திகளை யாரும் பிரிக்கவில்லை. இந்தப் பக்கம் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், அந்தப் பக்கம் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். 1888-ல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனே தெலுங்கு பேசும் குடும்பம்தான்.

ரயிலில் போகிறவர்களுக்கு இன்னொரு போனஸ். திருத்தணிக்கு அடுத்து பொன்பாடி. அதற்கடுத்த ஸ்டேஷன் பெயரைப் படிக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை! இங்கிலீஷில் 28 எழுத்து. நாட்டிலேயே மிக நீளமான ஸ்டேஷன் பெயர் என்று வெகுகாலம் கொடி கட்டிப் பறந்தது. 2019-ல் நம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயரை அடைமொழிகளோடு வைத்ததும் அந்தப் பெருமை பறிபோனது. நண்பர் பெயர்ப் பலகையைப் பாதி படிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

நகரியில் இறங்கினோம். ஊருக்குப் பின்னால் ஒரு மலை, மல்லாந்து படுத்தவன் மூக்கு மாதிரி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 'நகரி மூக்கு' என்றுதான் அதற்குப் பெயர். கடலில் வரும் கப்பல்காரர்கள் சென்னைக் கரையை அடையாளம் கண்டுகொள்ள இந்த மூக்கைத்தான் தேடுவார்களாம். ரோஜா எம்.எல்.ஏ.வாக இருந்த தொகுதி இது (2014-லும் 2019-லும் ஜெயித்தார், 2024-ல் தோற்றார்) என்று சொன்னதும்தான் நண்பருக்கு ஊர் மேல் மரியாதையே வந்தது. 'செம்பருத்தி'யை நாலு தடவை பார்த்தவர் அவர்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் நுழைந்தோம். இலையைப் போட்டார்கள். நண்பர் வழக்கம்போல சோற்றில் குழி பறித்துவிட்டு சாம்பாருக்குக் காத்திருந்தார். வந்தது பொடி. அதன் மேல் நெய்.

"சாம்பார்?" என்றார்.

"மொதல்ல பொடி, அப்புறம் பப்பு, அப்புறம் புலுசு, அதுக்கப்புறம் சாரு சார்" என்று பரிமாறுகிற பையன் எல்லைத் தமிழில் பாடம் நடத்தினான். சாரு என்றால் ரசம். பப்பு என்பது நம் பருப்பு மாதிரி ஓரமாக ஒரு ஸ்பூன் இல்லை. தக்காளியோ கீரையோ போட்டுக் கெட்டியாகக் கடைந்து, சோற்றுக்குச் சரிபாதி ஊற்றுகிற சமாச்சாரம்.

"நாட்டுக் கோடி உந்தி, சார்!" என்றான் அடுத்து.

நண்பர் திடுக்கிட்டார். "கோடியா? என்கிட்ட முன்னூறு ரூபாதான் இருக்கு!"

கோடி என்றால் கோழி. நாட்டுக்கோழிக் குழம்பும் ராகி சங்கட்டியும் ராயலசீமாவின் ராஜ ஜோடி. சங்கட்டி என்பது வேறொன்றுமில்லை, குழைந்த சோறும் கேழ்வரகு மாவும் சேர்த்துக் கிளறிய உருண்டை. நம் வேலூர்ப் பக்கத்துக் களிதான், பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பிட்டு, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். இரண்டாவது வாயில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது வாயில் நண்பர் பேச்சை நிறுத்தினார். இலையில் இன்னும் விழுந்துகொண்டே இருந்தது. "சாலு!" என்று கையைக் குறுக்கே நீட்டினேன். போதும் என்று அர்த்தம். பழந்தமிழில் 'சாலும்' என்றால் அதுதானே? சங்க காலத்து வார்த்தையை மெஸ்காரப் பையன் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

ஷாப்பிங்குக்கு வருவோம். நகரியிலும் பக்கத்து ஏகாம்பரகுப்பத்திலும் தெருவுக்குத் தெரு விசைத்தறி 'டடக் டடக்' என்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பத்திலும் இதே சத்தம்தான். மீட்டர் மட்டும் வேறே. தமிழ்நாட்டு விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். ஆந்திராவில் கணக்கே தனி. இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் நெய்கிறார்கள், கரண்ட் பில் வந்ததும்தான் மாநிலம் ஞாபகத்துக்கு வருகிறது. துணி வாங்குகிறவர்கள் 'இங்கேயே நெய்தது எது?' என்று கேட்டு வாங்குங்கள். பளபளவென்று முன்னால் தொங்குவது அநேகமாக சூரத்திலிருந்து வந்திருக்கும். அதற்கு ரங்கநாதன் தெருவே போதும்.

மாம்பழ சீஸனில் போனால் சித்தூர் மாவட்டம் முழுக்கக் கிளிமூக்கு மாங்காய். கூழாக்கி டப்பாவில் அடைக்கும் ஃபாக்டரிகள் இங்கே ஏராளம். நீங்கள் குடிக்கும் மாம்பழ ஜூஸின் பூர்வீகம் இந்தப் பக்கமாக இருக்கலாம். 2025 ஜூனில் விலை படுத்துவிட்டது. வெளிமாநில மாங்காய் உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதுமளவுக்குப் போயிற்று. மனுஷன் பாஸ்போர்ட் இல்லாமல் தாண்டுகிற எல்லையை மாங்காயால் தாண்ட முடியவில்லை!

பைக்கில் வருகிற இளவட்டங்களுக்கு ஒரு டிப்ஸ்: டாங்க்கைத் திருத்தணியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் பெட்ரோல் விலை ஜாஸ்தி. வேகமாகவும் ஓட்டாதீர்கள். நம் ஊர் போர்டுகளில் பார்க்கும் 'புத்தூர் கட்டு' பிறந்த புத்தூர் இதே ரோட்டில்தான் வருகிறது. அங்கே போவது சாப்பிட மட்டும் என்று இருக்கட்டும்.

மார்க்கெட்டில் ஒரு பாட்டி கீரை விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் குனிந்து, "இது எந்தக் கீரை பாட்டி?" என்றார்.

"பதி ரூபாயலு."

"அதில்ல பாட்டி. எந்தக் கீரை?"

"செப்பானு கதா! பதி!" பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது.

தெலுங்கில் 'எந்த' என்றால் 'எவ்வளவு'. இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினார்கள். நான் நடுவில் படாஸ்கர் வேலை பார்த்து, இருபது ரூபாய் கொடுத்து இரண்டு கட்டு வாங்கினேன். கோங்குரா. நம் புளிச்சக்கீரை. தண்டு சிவப்பாக இருந்தால் புளிப்பு அதிகம், அதையே கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலசி, ஈரம் போகத் துணியில் பரப்பி உலர்த்துங்கள். நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த மிளகாய், பூண்டு, உப்போடு அரைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கெட்டுவிடும். படாவிட்டால் ஒரு வாரம் தாங்கும். ஆனால் ஆபீஸுக்கு எடுத்துப் போனால் ஒரு மத்தியானம்கூடத் தாங்காது. டப்பாவைத் திறந்ததும் பக்கத்து சீட்டிலிருந்து கை நீளும். எங்கள் நண்பர் 'சாலு' என்ற வார்த்தையை மட்டும் அந்த டூரில் கற்றுக்கொள்ளவே இல்லை.