பூங்காவுக்கு அந்தப் பக்கம்

2021 ஜூன் 12, சனிக்கிழமை இரவு. இரண்டாம் அலையின் ஊரடங்கு. மதுரையில் அம்மாவோடு இருந்தேன். பகலெல்லாம் லேப்டாப், ராத்திரியானால் யூரோ கோப்பை. டென்மார்க்கும் ஃபின்லாந்தும் ஆடிய அந்த ஆட்டத்தில் எனக்கு எந்த அணி மேலும் பிரியம் கிடையாது. வாட்ஸப்பைத் திறந்தாலே இரங்கல் செய்தி வந்த நாட்கள் அவை. பச்சைப் புல்லில் ஒரு பந்து உருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

முதல் பாதி முடியப் போகிற நேரம், 43-ஆவது நிமிடம். ஒரு த்ரோ-இன் கிறிஸ்டியன் எரிக்சனை நோக்கி வந்தது. இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். யாரும் இடிக்கவில்லை, யாரும் காலைத் தட்டிவிடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "என்னடா ஆச்சு அந்தப் பையனுக்கு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. டென்மார்க் ஆட்டக்காரர்கள் அவரைச் சுற்றி முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கால்களுக்கு நடுவே, ஒருவர் நெஞ்சில் கைவைத்து அமுக்குவதைக் கேமரா காட்டியது. அம்மா கீரையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் அங்கிருந்து சத்தமே வரவில்லை.

ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷம் முன்னால், 2017 வைகாசியில், ஒரு கல்யாண மண்டபத்தில் அப்பா இதே மாதிரிதான் சரிந்தார். பந்திக்குப் போக எழுந்தவர், நாற்காலியின் முதுகைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் விழுந்தார். 58 வயது. சுற்றிலும் இருநூறு பேர். ஒருத்தர் சோடா வாங்கி வந்து முகத்தில் தெளித்தார். ஒருத்தர் வலிப்பு என்று முடிவுகட்டி அப்பாவின் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைத்து மூடினார். "காத்து வரட்டும், விலகுங்கப்பா" என்று எல்லாரும் எல்லாரிடமும் சொன்னார்கள். யாரும் விலகவில்லை. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். இடையிடையே அவர் வாய் திறந்து காற்றை ஒரு இழுப்பு இழுத்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று பெரியப்பா கத்தினார். அந்த வார்த்தையை நம்பி, அவசரமில்லாத ஒரு அவசரத்தோடு, காரைத் திருப்பி, பின்சீட்டில் ஏற்றி, மருத்துவமனைக்குப் போக இருபத்தைந்து நிமிடம் ஆனது. அங்கே இசிஜி எடுத்து ஒரு நீளத் தாளைக் கையில் கொடுத்தார்கள்.

அந்த இழுப்பு மூச்சே இல்லை என்பதை நான் தெரிந்துகொண்டது எரிக்சன் விழுந்த பிறகுதான். இதயம் நின்ற பின்னும் மூளைத்தண்டு கொஞ்ச நேரம் அப்படி இழுக்க வைக்கும். பார்க்கிறவர்களுக்கு உயிர் இருப்பதாகத் தோன்றும். உலகம் முழுக்க இதை நம்பிச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

அன்று கோபன்ஹேகனின் பார்கன் மைதானத்தில் நடந்ததை அதற்குப் பிறகு பலமுறை படித்தேன், பார்த்தேன். ஒரு சிஸ்டம் விழுந்து எழுந்தால் மறுநாள் உட்கார்ந்து நிமிடம் நிமிடமாக எழுதிப் பார்ப்பது என் தொழிலில் உள்ள பழக்கம். நடுவர் ஆன்டனி டெய்லர் சில நொடிகளில் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களை உள்ளே அழைத்தார். அணி மருத்துவர் மார்ட்டன் போசன் ஓடிவந்தபோது எரிக்சன் ஒருக்களித்துக் கிடந்தார். மூச்சு இருந்தது, நாடியும் கிடைத்தது. பிறகு திடீரென்று நிலைமை மாறியது, நெஞ்சை அமுக்கத் தொடங்கினோம் என்று போசன் பிறகு சொன்னார். இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். அங்கேயும் முதலில் "மூச்சு இருக்கு" என்பதாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் நாடியில் விரல் வைத்துக்கொண்டு, அது எப்போது மாறும் என்று காத்திருக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார்.

டிஃபிபிரிலேட்டர் வந்தது. ஒரே ஒரு ஷாக். மைதான மருத்துவக் குழுவில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் யென்ஸ் க்ளைனஃபெல்ட், கண் திறந்தவரிடம் எங்களோடு திரும்பி வந்துவிட்டீர்களா என்று கேட்டதாகவும், வந்துவிட்டேன், எனக்கு 29 வயதுதானே ஆகிறது என்று சலிப்பாக ஒரு கெட்ட வார்த்தையோடு அவர் பதில் சொன்னதாகவும் பிறகு பேட்டி கொடுத்தார். புல்தரையில் படுத்தபடி, செத்துப் பிழைத்த கணத்தில், ஒரு மனுஷன் தன் வயதைச் சொல்லிக் கோபப்பட்டிருக்கிறான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் திரையில் நேர்கோடு வந்த பிறகுதான் ஷாக் கொடுப்பார்கள். நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் பயன்படாது. இதயத்தின் கீழறைகள் ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஷாக் அந்தக் குழப்பத்தை நிறுத்தி, இதயம் தன் தாளத்தை மறுபடி பிடிக்க இடம் கொடுக்கும். யாரும் எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். இருபத்தைந்து நிமிடம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுபோனபோது, ஃபின்லாந்து ரசிகர்களின் கொடிகளை விரித்து மறைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆம்புலன்ஸ் போன இடம் ரிக்ஸ்ஹாஸ்பிடலெட். மைதானம் இருப்பது ஃபெல்லெட்பார்கன் என்ற பெரிய பூங்காவின் ஓரத்தில். அந்தப் பூங்காவுக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை. நடந்தே போய்விடலாம். 1757-இல் அரசர் பெயரில் தொடங்கி, 1910-இல் பிளைடம்ஸ்வை என்ற இந்தத் தெருவுக்கு இடம்மாறிய அரசு மருத்துவமனை. வரிப்பணத்தில் ஓடுவது. யூரோ கோப்பைக்காகக் கட்டப்பட்டதல்ல, எரிக்சன் வருவார் என்று தனியாக ஒரு வார்டு பூட்டி வைத்திருக்கவும் இல்லை. கோபன்ஹேகனில் சைக்கிளிலிருந்து விழுகிறவரும் போகிற இடம்தான்.

அந்தத் தெருவைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, அதே பிளைடம்ஸ்வையில் இருந்த தொற்றுநோய் மருத்துவமனையில் குழந்தைகள் மூச்சுவிட முடியாமல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று செலுத்தலாம் என்றார். கையால் என்றால் இரவும் பகலும், வாரக்கணக்கில். சுமார் 1500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து பை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற யோசனையே அங்கிருந்து முளைத்தது. 2021 ஜூனில் இதைப் படித்தபோது சென்னை அரசு மருத்துவமனை வாசலில் ஆக்சிஜனுக்காக வரிசையில் நின்ற ஆம்புலன்ஸ்களின் படங்கள் நினைவில் அப்படியே இருந்தன. எழுபது வருஷம் முன்னால் காற்றைக் கையால் கொடுத்த அந்தத் தெருவிலிருந்து என்னால் சீக்கிரம் நகர முடியவில்லை.

ரிக்ஸ்ஹாஸ்பிடலெட் செய்தது பரபரப்பில்லாத வேலை. நிலைப்படுத்தினார்கள், சோதனை மேல் சோதனை செய்தார்கள், பிறகு நெஞ்சுக்குள் ஐசிடி என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். தாளம் தப்பினால் உள்ளேயிருந்தே ஷாக் கொடுக்கும் கருவி. ஜூன் 17 அன்று அதே மைதானத்தில் டென்மார்க்கும் பெல்ஜியமும் ஆடியபோது, பத்தாவது நிமிடத்தில் பந்தை வெளியே தட்டிவிட்டு இரண்டு அணியும் கைதட்டி நின்றன. 10 அவருடைய எண். அவர் பூங்காவுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதெல்லாம் அதிர்ஷ்டம் இல்லையா என்று கேட்கலாம். 2003 ஜூன் 26, பிரான்சின் லியோன் நகரில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. கேமரூனின் மார்க்-விவியன் ஃபோயே 72-ஆவது நிமிடத்தில், பக்கத்தில் யாருமில்லாத நேரத்தில், நடு மைதானத்தில் விழுந்தார். 28 வயது. மைதானத்தின் மருத்துவ அறையில் முக்கால் மணி நேரம் போராடியும் திரும்பவில்லை. பிரேதப் பரிசோதனையில் இதயத் தசை தடித்துப் போகும் நோய் என்று தெரிந்தது. அந்த மரணத்துக்குப் பிறகுதான் 2006 உலகக் கோப்பைக்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு இதயப் பரிசோதனை வந்தது. டிஃபிபிரிலேட்டர் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் எந்த வாசலில் நிற்க வேண்டும், எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிக்கும் விஷயங்களாயின. எரிக்சன் கண்விழித்ததில் ஃபோயேவுக்கு ஒரு பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பரிசோதனை மட்டும் போதுமா என்றால், போதாது. எரிக்சன் டாட்டன்ஹாமில் ஆடிய காலத்தில் அவரைப் பரிசோதித்த இதய நிபுணர் சஞ்சய் சர்மா, அந்தச் சோதனைகளில் குறை எதுவும் தென்படவில்லை என்று சொல்லியிருக்கிறார். எல்லா டெஸ்டும் பாஸாகி, புரொடக்‌ஷனில் விழுகிற சிஸ்டம் எதுவென்று எந்த எஞ்சினியரைக் கேட்டாலும் நாலு உதாரணம் சொல்வார்.

இன்னொன்றும் படித்தேன். டென்மார்க்கில் பள்ளிகளிலும், ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதும் நெஞ்சை அமுக்கும் முதலுதவியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-இல் அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சை அமுக்கியிருக்கிறார்கள். 2010-இல் அது 45 சதவீதமானது. முப்பது நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். மூன்று மடங்கு. முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு அந்த எண்ணைத் திருப்பிப் பார்த்தேன். அத்தனை செய்த பிறகும், அத்தனை பேர் கற்ற பிறகும், பத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். அப்பா கோபன்ஹேகனில் விழுந்திருந்தாலும் அந்த ஒன்பதில் ஒருவராக இருந்திருக்கலாம். இது ஆறுதலா இல்லையா என்று இன்னும் எனக்கு முடிவு தெரியவில்லை. அந்த ஒன்று மட்டும் விடமாட்டேன் என்கிறது.

ஊரடங்கு முடிந்து, 2022-இல் ஒரு சனிக்கிழமை முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மை. நெஞ்சின் நடுவில், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இரண்டு நிமிடத்தில் எனக்கு வியர்த்து ஊற்றியது. விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம், நிறுத்தாதீங்க என்றார் சொல்லிக்கொடுத்தவர். எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் லிஃப்ட் பக்கத்தில் இருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்தேன். ஏஇடி, தானியங்கி டிஃபிபிரிலேட்டர். இரண்டு வருஷம் அதைத் தாண்டித்தான் காபி குடிக்கப் போயிருக்கிறேன். அது தன்னைத்தானே சோதித்துப் பார்த்து, தயார் என்று காட்டும் கருவி. இந்தப் பெட்டியில் அப்படி எந்தக் குறியும் இல்லை. நெஞ்சில் ஒட்டும் பேட்களின் காலாவதித் தேதி தாண்டியிருந்தது, உள்ளே ஜெல் காய்ந்திருக்கும். டிக்கெட் போட்டேன். 'கருவி உரிய இடத்தில் உள்ளது' என்று எழுதி மூடினார்கள். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார்கள். ஐந்தாவது தடவைதான் பேட்டரியும் பேடும் வந்தன. என் மேனேஜர், "நீ ஏன்ப்பா இதுல இவ்ளோ டென்ஷன் ஆகுற?" என்று கேட்டார். அவரிடம் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

எரிக்சனின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐசிடி வைத்தவர்களை இத்தாலியின் விதிகள் ஆட விடாததால் இன்டர் மிலானை விட்டுப் பிரிந்தார். 2022 பிப்ரவரியில் இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டுக்காக இறங்கினார். மார்ச்சில் அதே பார்கன் மைதானத்தில், செர்பியாவுக்கு எதிராக, கோல் அடித்தார். 2024 ஜூன் 16 அன்று, அடுத்த யூரோ கோப்பையில், ஸ்லோவேனியாவுக்கு எதிராக இன்னொரு கோல்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மதுரையில்தான் இருந்தேன். கோல் விழுந்ததும் நான் போட்ட சத்தத்தில் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு விழுந்தானே, அந்தப் பையனா?"

"அவனேதான்மா."

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவளாகத்தான் கேட்டாள், அந்தப் பயிற்சியில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள் என்று. தலையணையைத் தரையில் போட்டுக் காட்டினேன். கையைக் கோத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் கனத்தை இறக்கி. அவளும் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முட்டி வலிக்கு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முப்பது வரை எண்ணி நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"இவ்வளவு வேகமாவா?"

"இதவிடக் கொஞ்சம் வேகமா."

"பஞ்சுத் தலகாணி. கீழ போயிருது." கொஞ்ச நேரம் தலையணையையே பார்த்தாள். "அவன் நெஞ்சுக்குள்ள மெஷின வச்சுக்கிட்டா ஓடுறான்?"

"ஆமாம்மா."

அம்மா தலையணையைத் திருப்பிப் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.