சுவரில் ஒண்டுக்குடித்தனம்

பங்குனி 25

பக்கிங்காம் கால்வாயிலிருந்து வரும் கொசுவுக்கும் மற்றப் பூச்சிகளுக்கும் வியாசர்பாடியில் என்றும் பஞ்சமில்லையாதலால், பின்கட்டின் குழல்விளக்கு ஏற்றியவுடன் அதனடியில் பல்லிகளின் நித்திய சமாராதனை தொடங்கிவிடுகிறது. வால் ஓரத்தில் நுண்முட்கள் கொண்ட வீட்டுப்பல்லி, 'ச்சிக் ச்சிக்' என்று அதட்டிக்கொண்டு வெளிச்சத்தின் மத்தியைப் பிடித்துக்கொள்கிறது. அதனினும் பருத்த மரப்பல்லியோ, வேப்பமரத்துப் பட்டையின் நிறத்தையே மேனியில் பூண்டு, அடிமரத்தில் அசையாமல் இரைக்குக் காத்திருக்கிறது. முதுகில் வரிவரியாகப் பரல்கள் பதித்த புள்ளிப்பல்லி, செங்கல் குவியலை ஒட்டிய சுவரடியை விட்டு அதிகம் ஏறுவதில்லை. மூன்றும் ஹெமிடாக்டைலஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள். முதலிரண்டுக்கும் விஞ்ஞானப் பெயர் ஏற்பட்டதுகூட, 1836இல் பாரிஸில் வெளியான ஒரே நூலிலேதான்.

சித்திரை 6

ஆஸ்திரேலியப் பாலைவனத்து அரணைகளைப் பற்றி எரிக் பியங்கா 1969இல் எழுதிய கட்டுரையின் சாரத்தை இன்று படித்தேன். ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல் திட்டுத்திட்டாக வளர்ந்த செம்மணலில், ஒரே குலத்து அரணைகள் பல அருகருகே வாழ்வது எங்ஙனம் என்ற வினாவுக்கு, உண்ணும் இரை, திரியும் இடம், வெளிவரும் வேளை ஆகிய மூன்றையும் அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதே அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து கண்ட விடை. என் பின்கட்டுப் பல்லிகளுக்கோ இம்மூன்றில் வேளை உதவாது. யாவும் இரவுச் சஞ்சாரிகள். இரையும் பெரும்பாலும் அதே பூச்சிகள்தாம். ஆகவே, இடம் ஒன்றை நம்பியே அவற்றின் ஒண்டுக்குடித்தனம் நடக்கிறது.

சித்திரை 18

அந்த இடப்பங்கீடு குலைந்தால் நேர்வது என்ன என்பதைப் பசிபிக் தீவுகள் காட்டியிருக்கின்றன. கப்பல் சரக்கில் ஒளிந்து அங்கே போய்ச் சேர்ந்த நம் வீட்டுப்பல்லி, ஆண்துணையின்றியே முட்டையிடும் அத்தீவுகளின் சிறுபல்லியைக் கட்டடங்களிலிருந்து விரட்டலாயிற்று. கென்னத் பெட்ரன், டெட் கேஸ் முதலியோர் செய்த சோதனைகளில், கடித்துக் குதறுவதைக் காட்டிலும், விளக்கடியில் மொய்க்கும் பூச்சிகளை வேகமாக அள்ளிக்கொள்வதே இவ்வெற்றிக்கு மூலகாரணமாகத் தெரிந்தது. 1998இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வோ இன்னும் சுவையானது: வழுவழுத்த மேற்பரப்பில் தடுப்புகளை வைத்து மேடுபள்ளமாக்கியதும், சிறுபல்லியின் நஷ்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிரகாசமும் வழுவழுப்பும் கூடிய சுவர், பலசாலி ஒருவனுக்கே பட்டா எழுதித் தருகிறது; மறைவும் பிளவும் உள்ள சுவரில் எளியவனுக்கும் ஜீவனம் கிடைக்கிறது.

வைகாசி 3

காரை உதிர்ந்த பின்சுவரைச் சிமெண்டு பூசி மெழுக வந்த கொத்தனாரிடம், வேப்பமரத்தை ஒட்டிய பகுதியைச் செங்கல் தெரிய அப்படியே விட்டுவிடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூசாம வுட்டா பூரான் வந்து குடியேறும் சார்."

"வரட்டுமே, பல்லிக்கு இரையாகும்" என்றேன்.

"பெரிய பூரானா இருந்தா அது பல்லியத் துன்னுடும்" என்று சொல்லிவிட்டு, நான் காட்டிய எல்லையோடு மட்டப்பலகையை நிறுத்திக்கொண்டார். உயிரியல் விஷயத்தில் நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஆயினும், உண்பவரும் உண்ணப்படுபவரும் சேர்ந்து புழங்க இடம் தருவதுதான் நல்ல சுவர் என்ற என் கட்சியை, அவர் சொன்ன பூரானும் பலப்படுத்தவே செய்கிறது.